மேடையும் வகுப்பும்: டர்பன் ஃபீனிக்ஸின் இளம் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் (நிகழ்வு ஆய்வு)

இந்த ஆய்வு ஒரே ஒருவரைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறார். ஜாஸ் மேடைகளில் வாசித்துக்கொண்டே சொந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார். வயது இப்போதுதான் முப்பதைத் தொட்டிருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். நான் கோயில் பஜனைக் குழுவில் ஹார்மோனியம் வாசிப்பவன். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே அவர் வாசிப்பைக் கேட்டு வருகிறேன்.

அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. வாசிப்பில் பிழைக்க முடியாதவர்கள்தான் சொல்லிக்கொடுக்கப் போவார்கள் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இவர் விஷயத்தில் நடந்தது வேறு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இவர் வாசிப்பு முதிர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதை முடிந்தவரை விவரமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நம் ஊரில் ஜாஸ்

'ஜாஸ் நம்ம பாட்டு இல்லையே' என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். டர்பன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன மக்களின் பேரப்பிள்ளைகள், கல்யாண வீடுகளுக்கென்று ஆர்க்கெஸ்ட்ராக்கள் வைத்திருந்தார்கள். ஹார்மோனியம், தபேலாவோடு வயலின், டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் அவற்றில் இருந்தன. விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் 1950களில் ஜாஸ் கேட்கப் போகும் இடமாக இருந்தது. இனப் பிரிவினைச் சட்டங்கள் இறுகிவந்த அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்களும் இந்தியக் கலைஞர்களும் சந்தித்துக்கொள்ள அப்படிப்பட்ட இடங்கள் சொற்பம். புகழ்பெற்ற தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1959இல் மணந்த பாடகர் சன்னி பிள்ளை டர்பன்காரர். பியானோ கலைஞர் லயனல் பிள்ளையும் நம் ஊரில் பிறந்தவர்தான். 1974இல் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் 'மானென்பர்க்' பதிவில் டெனர் சாக்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற பேசில் கூட்சியா, பின்னாளில் லயனலோடும் சேர்ந்து பதிவு செய்தார். இந்தப் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

காதால் வந்த முதல் பாடம்

அவர் வீட்டில் யாரும் இசைக்கலைஞர் இல்லை. ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், கத்ரி கோபால்நாத்தின் கேசட்டுகள் இருந்தன. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அந்த மேல்நாட்டுக் கருவியைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர் கத்ரி. 1994இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார், 2019இல் காலமானார். ஆயா அதை 'நாயனம்' என்றே சொல்லிவந்ததால், சின்ன வயதில் அது சாக்ஸபோன் என்றே தனக்குத் தெரியாது என்கிறார் இவர்.

பள்ளியில் கிளாரினெட் கிடைத்தது. பிறகு ஓர் ஆசிரியர், ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டிய பழைய ஆல்ட்டோ ஒன்றைக் கையில் கொடுத்தார். அந்த ஆசிரியர் சனிக்கிழமைகளில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர். பதினைந்து வயதில் இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. பாடகர் இரண்டு வரி முனகுவார், கட்டை (சுருதி) சொல்வார், அடுத்த நிமிடம் வாசிக்க வேண்டும். பாடகர் மாறினால் கட்டையும் மாறும். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையில் பாடுவார்கள். பியானோவில் அது ஜி. ஆல்ட்டோ ஈ-ஃப்ளாட் கருவி என்பதால் அதே ஓசைக்கு ஈ-யைப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து சங்கராபரணம் வாசித்தால் நான்கு ஷார்ப் விரலில் வந்து நிற்கும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே அவர் விரல்கள் அதைச் செய்தன.

2012இல் கிரஹாம்ஸ்டவுனில் நடந்த தேசிய இளைஞர் ஜாஸ் விழாவுக்குப் போனார். (2018 முதல் அந்த ஊரின் பெயர் மகாண்டா.) நாடு முழுவதிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகள் கூடி, பகலில் பட்டறை, இரவில் கச்சேரி என்று நடக்கும் விழா அது. தேசியப் பள்ளிகள் பிக் பேண்டுக்கு (பெரிய ஜாஸ் குழுவுக்கு) அங்கேதான் ஆள் எடுக்கிறார்கள். இவர் தேர்வாகவில்லை. தாளில் எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கச் சொன்னார்கள், இவரால் முடியவில்லை. ஆனால் இரவில், ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிக்கும் ஜாம் மேடையில் இவர் வாசித்ததைக் கேட்டு, தேர்வானவர்களே பாராட்டினார்களாம். ஒரே நாளில் இரண்டும் நடந்தது. அந்த முரணை அவர் பல வருடம் சுமந்தார்.

பல்கலைக்கழகம், அப்புறம் கப்பல்

டர்பன் இருக்கும் நாட்டாலில் ஜாஸ் படிப்புக்கு ஒரு தனி மரபு உண்டு. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் மகன் டேரியஸ் புரூபெக் 1983இல் டர்பன் வந்து, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே முதலாவதான ஜாஸ் பாடத்திட்டத்தை நாட்டால் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 1988இல் அவருடைய மாணவர் குழுவான ஜாஸானியன்ஸ் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குப் போய் ஜாஸ் ஆசிரியர்கள் மாநாட்டில் வாசித்தது. சாக்ஸபோன் கலைஞர் ஜிம் ன்கவானா அந்தக் குழுவில் இருந்தவர். டிரம்பெட் வாசித்த ஜானி மெகோவாவும் இருந்தார். மெகோவா நடுத்தர வயதில் மாணவரானவர். படித்து முடித்து ஊருக்குத் திரும்பி, 1994இல் ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே டேவிட்டனில் மியூசிக் அகாடமி ஆஃப் கௌட்டெங்கைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்துக் கலைஞர்களானார்கள். நம் ஆய்வுக்குரியவர் அடிக்கடி சொல்லும் பெயர் மெகோவாதான், பெரிய சாக்ஸ் கலைஞர்களின் பெயர்கூட அப்புறம்தான் வரும்.

இவர் சேர்ந்தபோது அது குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம். அதன் ஹவர்ட் காலேஜ் வளாகத்தில் ஜாஸ் மையத்தின் புதன்கிழமை மாலைக் கச்சேரிகள் இவருக்கு இன்னொரு வகுப்பறை. முதல் வருடம் கஷ்டப்பட்டார். ஹார்மனி தேர்வில் பின்தங்கினார், குழு ஒத்திகையில் தாளைப் பார்த்துத் திணறினார். வின்ஸ்டன் மங்குன்கு ன்கோசி 1968இல் பதிவு செய்த 'யக்கால் இன்கோமோ'வின் சாக்ஸ் வாசிப்பைக் கேட்டு எழுதி வரச் சொன்னபோது மட்டும் இவருக்கு வேலை சுலபமாக முடிந்தது. கேட்பது கைவசம் இருந்தது, எழுதுவதைத்தான் பழக வேண்டியிருந்தது. மூன்றாம் வருடத்துக்குள் இரண்டும் ஒன்று சேர்ந்துவிட்டன.

பட்டம் வாங்கிய பிறகு வழக்கமான பாடு. உணவகத்தில் ஒரு ராத்திரி, கம்பெனி விருந்தில் ஒரு ராத்திரி, நடுவில் கல்யாணம். ஒரு ஜாஸ் மேடைக்கு வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தால், கிடைக்கும் பணம் குழுவின் நால்வருக்கும் பெட்ரோலுக்குச் சரியாகப் போகும். அதனால் சுற்றுலாக் கப்பலில் ஆறு மாத ஒப்பந்தத்துக்குப் போனார். தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள் பலர் போகும் வழிதான் இது. ஒவ்வொரு இரவும் புதுப் பாடகர், புதுத் தாள், ஒத்திகைக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. கிரஹாம்ஸ்டவுனில் முடியாமல் போனதைக் கப்பலில் தினமும் செய்தார். கைத்திறன் கூடியது. ஆனால் தன் சொந்த வாசிப்பு என்று ஒன்று அந்த ஆறு மாதத்தில் துளியும் வளரவில்லை என்கிறார். இரண்டாவது ஒப்பந்தம் வந்தபோது மறுத்துவிட்டார். சேர்த்த பணத்தில் மாணவர்களுக்கென்று யமஹா ஆல்ட்டோ இரண்டு வாங்கினார். வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அம்மாவின் பயத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை, மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகு மகள் அதை விட்டுவிட்டு வருகிறாள் என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

வகுப்பில் நடப்பது

வகுப்பு ஒரு கோயிலின் பின்புற மண்டபத்தில் நடக்கிறது. சனிக்கிழமை காலையும் வாரத்தில் இரண்டு மாலைகளும். ஃபீனிக்ஸ் தமிழ், தெலுங்கு, இந்தி வீட்டுப் பிள்ளைகளோடு பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளான க்வாமாஷு, இனாண்டாவிலிருந்து ஜுலு பிள்ளைகளும் வருகிறார்கள். இவர்கள் 'அக்கா' என்கிறார்கள், அவர்கள் தங்கள் வழக்கில் அக்காவை அழைக்கும் 'சிஸி' என்கிறார்கள்.

புதிதாக வருபவருக்கு முதலில் முழுக் கருவியைக் கொடுப்பதில்லை. மௌத்பீஸையும் வளைந்த கழுத்துக் குழாயையும் மட்டும் சேர்த்து ஊதச் சொல்வார். ஆல்ட்டோவில் அப்படி ஊதினால் பியானோவின் ஏ-ஃப்ளாட் சுரம் வர வேண்டும். அதற்கு மேலே போனால் ரீட்டை (மௌத்பீஸில் அதிரும் மெல்லிய நாணல் பட்டையை)க் கடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், கீழே இறங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது. பிள்ளையே காதால் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும்வரை அவர் காத்திருப்பார். பொறுமையில்லாத பெற்றோர் வாசலில் நின்று 'இன்னும் பாட்டு வரலையா?' என்று கேட்பார்கள்.

அடுத்தது மராபி. நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) திரும்பத் திரும்பச் சுற்றிவரும் பழைய ஜோஹன்னஸ்பர்க் குடியிருப்பு இசை அது, தென்னாப்பிரிக்க ஜாஸின் அடித்தளம். அதன் மேல் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை வாசிக்கச் சொல்கிறார். ஆல்ட்டோவின் ஜி-யிலிருந்து ஜி, ஏ, பி, டி, ஈ. நம் கணக்கில் அது ஆறரைக் கட்டை. நான்கு கார்டில் எதன் மேல் எந்தச் சுரத்தைப் பிடித்தாலும் காதில் குத்தாது. முதல் மாதமே பிள்ளை சொந்தமாக ஒரு வரி உண்டாக்கிவிடும். தாள் அதற்கெல்லாம் பிறகுதான் வரும். அதுவும், பிள்ளை வாசித்த வரியை அவரே எழுதிக் காட்டி, 'நீ வாசிச்சது இதுதான், பார்' என்பார். எழுத்து இப்படி அறிமுகமாகும்போது அதன்மீது பயம் வருவதில்லை. கிரஹாம்ஸ்டவுனில் தான் பட்ட அவமானம் தன் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று நினைத்து அவர் வகுத்த வரிசை இது.

ஸ்விங் தாளத்துக்கு அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 'தகிட, தகிட' என்று எல்லோரையும் சொல்ல வைப்பார். பிறகு 'த'விலும் 'ட'விலும் மட்டும் ஊத வேண்டும், 'கி' மனதுக்குள் ஓட வேண்டும். ஸ்விங்கின் நீண்ட சுரமும் குட்டைச் சுரமும் அங்கேயே வந்து உட்காரும். தமிழே பேசத் தெரியாத மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகளும், ஜுலு பிள்ளைகளும் சொற்கட்டை ஒரே மாதிரி ஆசையோடு சொல்கிறார்கள்.

மூத்த மாணவர்களுக்கு இன்னொரு பாடம். ஜாஸில் அடிக்கடி வரும் இரண்டு-ஐந்து-ஒன்று கார்டு வரிசையைக் கிரகபேதமாக, அதாவது ஒரே சுரங்களில் ஆதார சட்ஜத்தை மாற்றிப் பார்ப்பதாக, விளக்குகிறார். சங்கராபரணத்தின் ரிஷபத்தை சட்ஜமாக வைத்துக்கொண்டால் கரகரப்பிரியா வரும், பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போஜி வரும், பிறகு சொந்த சட்ஜத்துக்கே திரும்பலாம். ஜாஸ்காரர்கள் டோரியன், மிக்ஸோலிடியன், மேஜர் என்று மூன்று கார்டுக்கும் சொல்லும் வரிசை அதுதான். ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்வார்: ஏழு சுரத்தை வரிசையாக வாசித்தால் ராகம் ஆகிவிடாது, இது எலும்புக்கூடு மட்டும்தான், கமகமும் பிடிப்பும் வேறு படிப்பு. கர்நாடக இசையும் ஜாஸும் கலந்தது என்று விளம்பரம் செய்யும் பல கச்சேரிகளில் இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை.

இனி அவருடைய சொந்த வாசிப்புக்கு வருகிறேன். வகுப்பு தொடங்குவதற்கு முன் அவர் நிறையச் சுரங்கள் வாசிப்பார். வேகம் இருக்கும், மூச்சு விடும் இடம் இருக்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வரி எப்படிப் பிறந்து எங்கே முடிகிறது என்று நூறு தடவை காட்ட வேண்டி வந்தபோது, தன் வரிகளில் பாதிக்கு முடிவே இல்லை என்பது அவருக்கே கேட்டது. தொடக்கநிலை மாணவர்களோடு தினமும் நீண்ட சுரம் ஊதியதில் அடிச் சுரங்களின் ஒலி அகலமாகிவிட்டது. அண்மையில் டர்பன் மேடையில் அவர் மெதுவான பாட்டு ஒன்றை வாசித்ததைக் கேட்டேன். முதல் சுற்றில் எட்டு ஒன்பது சுரம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய ஆர்க்கெஸ்ட்ரா டிரம்மர் ஒருவர், 'இந்தப் பொண்ணுக்கு இப்பதான் வாய் திறந்திருக்கு' என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு நிறுத்தங்கள்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மேடை அத்தனையும் ஒரே வாரத்தில் போனது. ஊதுகருவி என்றாலே அருகில் வர மக்கள் பயந்தார்கள். இணையத்தில் இருவர் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாகப் போய்ச் சேரும். அதனால் பின்னணித் தடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாணவர் அதன்மேல் வாசித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்பச் சொன்னார். தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் வந்தது. டேட்டா வாங்கக் காசில்லாதவர்கள் விட்டுப்போனார்கள், அதுவும் உண்மை.

2021 ஜூலை அதைவிடக் கொடுமை. குவாசுலு-நாட்டாலிலும் கௌட்டெங்கிலும் நடந்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் சாலைகளை மறித்து நின்றவர்களின் கையால் மடிந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நம் தெருக்களில் நடந்தது அது. கலவரம் அடங்கிய பிறகும் க்வாமாஷுவிலிருந்து எந்தப் பிள்ளையும் வரவில்லை. ஃபீனிக்ஸ் பெற்றோர் சிலரோ, அவர்கள் வராமல் இருப்பதே நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

அவர் அப்போது ஒற்றுமைக் கச்சேரி எதுவும் நடத்தவில்லை. நடத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம் மறுத்தார். கருவி இரவல் வாங்கியிருந்த ஒவ்வொரு க்வாமாஷு வீட்டுக்கும் ஒரு சக ஆசிரியரோடு போனார். கருவியைத் திருப்பிக் கேட்க வரவில்லை, பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார். சில வீடுகளில் கதவு திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. பிறகு பல மாதம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளி அறையில் தானே போய்ச் சொல்லிக்கொடுத்தார். மண்டபத்தில் மறுபடி சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது பிள்ளைகளே கேட்ட பிறகுதான். எல்லோரும் திரும்பி வரவில்லை. ஒரு டெனர் வாசித்த பையனைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் குரல் தழுதழுக்கிறது.

2022, 2023 மின்வெட்டுக் காலம் இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம். இருட்டில் தாள் தெரியாது, அன்றைக்குக் காது வகுப்பு. அவ்வளவுதான்.

பணம்

கட்டணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், முடியாதவர்களிடம் கேட்பதில்லை. மண்டபம் இலவசம், அதற்குக் கோயிலுக்கு நன்றி. ரீட்டும், கருவியின் துளைகளை மூடும் பேட் மாற்றும் செலவும் ஓயாது. டர்பன் ஈரக்காற்றில் பேட் ஒட்டிக்கொள்ளும், முதலில் ஜி-ஷார்ப் சாவிதான் மக்கர் செய்யும். பழுதுபார்ப்பவரிடம் அடிக்கடி போகாமலிருக்க, மெல்லிய சிகரெட் தாளை வைத்து ஒற்றியெடுக்கப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் வருமானத்தில் பெரும்பகுதி இன்னும் கல்யாண மேடையிலிருந்தும் ஒரு தனியார் பள்ளியின் மணிக்கணக்கு வேலையிலிருந்தும்தான் வருகிறது. அந்த வேலைக்குப் பள்ளி விடுமுறை மாதங்களில் சம்பளம் கிடையாது.

ஓர் அமைப்பு, வருட விழாவில் பிள்ளைகளை வாசிக்க வைத்தால் வகுப்புக்கு மாதாமாதம் உதவுவதாகச் சொன்னது. பிள்ளைகள் வாசித்தார்கள், பொன்னாடை வந்தது, படம் பத்திரிகையில் வந்தது, மாத உதவி வரவேயில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்க, பட்டு எடுக்க, சாப்பாடு போட நம்மிடம் பணம் இருக்கிறது. அதில் ஒரு பங்கை ஆசிரியருக்கு மாதச் சம்பளமாக ஒதுக்கினால், நம் கோயில்களில் நாயனம் வாசிக்க ஆளில்லையே என்ற புலம்பலும் குறையும். வகுப்பில் படித்த இருவர் ஆடிமாதக் கஞ்சிப் பூஜையில் மோகனமும் ஹம்சத்வனியும் வாசிக்கிறார்கள். கேட்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

இப்போது

டர்பனின் உம்லாசியில் பிரையன் தூசியின் சியாக்குலா இசை மையத்தில் படித்த சாக்ஸபோன் கலைஞர் லிண்டா சிக்காக்கானே, 2017இல் தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் வெளிநாட்டு உதவித்தொகை வென்று நியூயார்க் போய்ப் படித்தார். அவரைப் போலவே தானும் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்று நம்மவருக்கு ஆசை இருக்கிறது, விண்ணப்பமும் போட்டிருக்கிறார். போனால் வகுப்பு என்னாகும் என்பதுதான் அவருடைய கவலை. அதனால் போன வருடத்திலிருந்தே தொடக்கநிலை வகுப்பை இரண்டு மூத்த மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டார், ஒருவர் ஃபீனிக்ஸ், ஒருவர் க்வாமாஷு. இருவருக்கும் மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்கிறார், கல்யாண மேடையில் வாங்கும் பணத்திலிருந்து. இலவசமாகச் செய்யச் சொன்னால் அடுத்த வருடம் இருக்க மாட்டார்கள் என்கிறார். அவர் கிளம்பினால் அந்தச் சம்பளத்தை யார் தருவது என்று கேட்டு எங்கள் பஜனைக் குழுவில் பேச்சு தொடங்கியிருக்கிறது. ஒருவருக்கான தொகை இதுவரை உறுதியாகியிருக்கிறது, இன்னொருவருக்காகப் பக்கத்துக் கோயில்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.